ஆறே முக்கால் நிமிடம்

அமிர்தநாதன் கடலை விட்டு மலைக்கு வந்ததற்குக் காரணம் வாந்தி. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் ஒரு சின்ன மீன்பிடி ஊர் அவருடையது. அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் கட்டுமரக்காரர்கள். இவரை மட்டும் கடல் ஏற்றுக்கொள்ளவில்லை. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே தலை சுற்றும், குடல் வாய்க்கு வரும். பதினேழு வயது வரை கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். பிறகு அப்பா இனி இவனைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏலத் தோட்டத்துக்கு ஆள் எடுக்க வந்த ஒரு கங்காணியிடம் அவரை ஒப்படைத்தவர் அக்காள் செபமாலையம்மாள். ஒன்பது வயது மூத்தவர்; அம்மா இறந்த பிறகு இவரை வளர்த்தவரும் அவர்தான்.

தோட்டத்தில் ஏலக்காய் எடை போட்டார், ஆள்பதிவேடு எழுதினார். அணைக்கட்டு வேலை தொடங்கியபோது அங்கே உதவியாளராகச் சேர்ந்தார். அணையில் தண்ணீர் நிரப்பத் தொடங்கிய காலத்தில், அவ்வளவு தண்ணீரின் பாரத்தால் மலைக்குள் ஏதாவது அசைகிறதா என்று கவனிக்கச் சுற்றுவட்டார மலைகளில் சில பதிவு நிலையங்கள் அமைத்தார்கள். சாந்தன்பாறைக்கு மேலே ஒரு பாறை மேட்டில் அப்படி ஒன்று. இரண்டு அறைக் கட்டடம். கை நடுங்காத ஆள் வேண்டும் என்று தேடியபோது அமிர்தநாதன் அகப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிலையத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார்.

வேலை இதுதான். வழவழப்பான ஒரு தாளை மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் காட்டிக் கரி படியவிட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் கரி படிய வேண்டும். அந்தத் தாளை ஓர் உருளையில் சுற்றி வைத்தால் உருளை மெதுவாகச் சுழலும். ஒரு மெல்லிய ஊசி கரியைக் கீறிக்கொண்டே போகும். கறுப்பில் வெள்ளைக் கோடு. தரை அசைந்தால் கோடு அசையும். தினமும் காலை ஒன்பது மணிக்குத் தாளை மாற்றி, பழைய தாளை அரக்குக் கரைசலில் முக்கி உலர்த்திக் கோட்டை நிலைக்கச் செய்ய வேண்டும். ரேடியோவில் வரும் நேர ஒலியோடு கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். விரல் நுனிகளில் கரி எந்தச் சோப்புக்கும் போகாது.

நிலையத்துக்குப் பொறுப்பாக 1975இல் பாகீரதி வந்தார். பாலக்காடு கல்பாத்தியில் பிறந்தவர், பௌதிகத்தில் எம்.எஸ்ஸி., வயது இருபத்தேழு. வாரத்தில் நான்கு நாள் இங்கே, மற்ற நாள்களில் அணையின் தலைமை அலுவலகம். தோட்டத்து டிஸ்பென்சரி நர்சின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பதிவுத் தாள்களைப் படிக்க வேண்டியது பாகீரதியின் வேலைதான். ஆனால் அமிர்தநாதன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னதால், ஒரு வருடத்துக்குள் அவரும் படிக்கக் கற்றுவிட்டார். எங்கோ நிலம் உடைந்தால் இரண்டு வகை அதிர்வு கிளம்பும். ஒன்று வேகமாக வரும், மற்றது பின்தங்கி வரும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று பார்த்தால், உடைந்த இடம் எவ்வளவு தூரம் என்று அட்டவணை சொல்லிவிடும். எந்தத் திசை என்று மட்டும் சொல்லாது. திசை தெரிய மூன்று நிலையங்களின் கணக்கு வேண்டும். அணைக்காக வைத்த கருவிகள் எல்லாம் ஒரே மலையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உள்ளூர் அதிர்வுக்கு அது போதும், உலகத்தின் மறுபக்கத்து அதிர்வுக்குப் போதாது.

1976 ஜூலை 28 காலையில் தாளை மாற்றப் போனபோது கோடுகள் கலைந்து கிடந்தன. அமிர்தநாதன் அளந்தார். இடைவெளி ஏறக்குறைய ஆறு நிமிடம் ஐம்பது விநாடி. ஐயாயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேலே. மறுநாள் செய்தித்தாளில் சீனாவில் பூகம்பம் என்று வந்தது. ஒரு தொழில் நகரமே தரைமட்டமாகிவிட்டதாம். இறந்தவர்கள் எத்தனை லட்சம் என்று யாருக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 17 காலை, மறுபடி அதே போன்ற ஒரு தாள். இடைவெளி ஆறே முக்கால் நிமிடத்துக்குச் சில விநாடி அதிகம். சீனாவில் இன்னொன்று போல என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் அது பிலிப்பைன்ஸ் தீவுகளின் தெற்கே. நிலம் ஆடி முடித்துக் கொஞ்ச நேரத்தில் கடல் ஏறி வந்து கரையோரக் குடிசைகளை வாரிக்கொண்டு போயிற்று என்று செய்தி. ஆயிரக்கணக்கான பேர். பாதிப்பேரின் உடல் கிடைக்கவில்லை.

அமிர்தநாதன் இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"மேடம், ரெண்டும் ஒரே தூரம். ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடியிருக்கு. ஒண்ணுல கடல் பொங்கியிருக்கு, ஒண்ணுல பொங்கல. இந்தக் கோட்டுல அந்த வித்தியாசம் எங்க இருக்கு?"

பாகீரதி குனிந்து பார்த்தார். "கோட்டுலே இல்லை. அது தரைக்கடியிலே, இது கடலுக்கடியிலே. அவ்வளவுதான்."

"போன வருஷம் கடலுக்கடியில எத்தனையோ ஆடிச்சே. நாமளே எழுதி வச்சிருக்கோம். அப்பல்லாம் ஒண்ணும் வரலயே."

"எனக்கும் சரியாத் தெரியாது. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார் பாகீரதி.

அடுத்த முறை பாலக்காடு போய் வந்தபோது கல்லூரி நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்களும், தன் வீட்டிலிருந்து ஒரு சின்ன உலக உருண்டையும் கொண்டுவந்தார். அரக்குக் கரைசல் ஊற்றும் நீளத் தட்டைக் கழுவித் தண்ணீர் நிரப்பச் சொன்னார். அடியில் ஒரு தகரத் துண்டைப் போட்டார்.

"இதாக்கும் கடலோட தரை. பாருங்கோ." தகரத்தைப் பக்கவாட்டில் வெடுக்கென்று நகர்த்தினார். தண்ணீரின் மேல்பரப்பு கொஞ்சம் சிலிர்த்து அடங்கிவிட்டது. பிறகு தகரத்தின் ஒரு விளிம்பை மேலே தூக்கினார். தட்டின் நடுவே தண்ணீர் முழுவதும் புடைத்து, இரு பக்கமும் ஓடி, விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டியது.

"தரை ரெண்டாப் பிளந்து ஒண்ணையொண்ணு உரசிண்டு பக்கவாட்டிலே போனா, எவ்வளவு பெரிசா ஆடினாலும் தண்ணிக்குக் காரியம் இல்லை. தரை மேலே ஏறணும், இல்லேன்னா கீழே இறங்கணும். அப்பத்தான் மேலே இருக்கற தண்ணியையும் கூடக் கொண்டுபோகும். அதுவும் நூறு மைல் நீளத்துக்கு இறங்கி ஏறணும். சின்ன நடுக்கத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. ரொம்ப ஆழத்திலே, முந்நூறு நானூறு மைல் கீழே உடைஞ்சாலும் கடல்தரை வரைக்கும் அந்தத் தூக்கல் வந்து சேராது. கேட்டேளா?"

அமிர்தநாதன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "எங்க அண்ணன் சங்கு குளிக்கப் போவான். மேல பெரிய காத்து அடிச்சு அலை எத்துற நாள்லகூட, நாலஞ்சு பாகம், அதாவது நாலஞ்சு ஆள் ஆழம், கீழ போனா ரொம்பத் தணிஞ்சிரும்னு சொல்லுவான். காத்து அலை மேல் தண்ணியோட சரி. அப்ப இது அந்த அலை இல்ல. இது அடிவரைக்கும் மொத்தக் கடலும் நகருது."

பாகீரதி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். புத்தகத்தில் அந்த விஷயம் இரண்டு பக்கச் சமன்பாடாக இருந்தது. "அதேதான்" என்றார். "அதனாலேதான் ஆழக்கடல்லே அது ஏரோப்ளேன் வேகத்திலே போறது. மணிக்கு எழுநூறு கிலோமீட்டர். நடுக்கடல்லே ஒரு கப்பல்காரனுக்குக்கூடத் தெரியாது, ஒரு முழ உயரம்தான் இருக்கும். கரைகிட்டே ஆழம் குறையறச்சே வேகம் அடங்கி, பின்னாலே வர்ற தண்ணி முன்னாலே இருக்கறது மேலே ஏறிக் குவியும்."

அன்று முதல் அமிர்தநாதன் பதிவேட்டில் பென்சிலால் ஒரு பத்தி கூடுதலாகக் கோடு போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பெரிய அதிர்வுக்கும் நேரே, செய்தி வந்த பிறகு, 'கரை' அல்லது 'கடல்' என்றும், கடல் என்றால் 'ஏறியது' அல்லது 'ஏறவில்லை' என்றும் எழுதினார். பாகீரதி அதைக் கண்டும் தடுக்கவில்லை. ஒரு வருடத்தில் 'கடல், ஏறவில்லை' என்பதுதான் அதிகம் சேர்ந்தது.

1977 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. தங்கை நிச்சயதார்த்தத்துக்காகப் பாகீரதி கல்பாத்திக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. தென்மேற்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்தது. அமிர்தநாதன் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் கீச்சென்று சத்தம் கேட்டது. திரும்பினார். ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடுப்பில் மோதிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று நாற்பத்தேழு.

இத்தனை வருடத்தில் தூரதேசத்து அதிர்வு ஒன்று வந்துகொண்டிருக்கும்போதே அவர் பார்த்ததில்லை. எல்லாம் மறுநாள் காலையில் உலர்ந்த கோடாகத்தான் கிடைக்கும். காலடியில் தரை துளிகூட அசையவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. ஊசி மட்டும் துடித்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான்கு நிமிடம். ஐந்து. ஆறு. ஆறே முக்கால் நிமிடத்தில் இரண்டாவது அதிர்வு வந்தது. ஊசி மறுபடி தடுப்பில் மோதியது. முந்தைய ஆண்டின் இரண்டு தாள்களிலும் இவ்வளவு வீச்சு இல்லை.

உலக உருண்டையை எடுத்து வைத்தார். அட்டவணைப்படி நூலை அளந்து வெட்டி, ஒரு முனையைச் சாந்தன்பாறையில் விரலால் அழுத்திக்கொண்டு மறுமுனையைச் சுற்றிக் கொண்டுபோனார். சீனா. தைவான். பிலிப்பைன்ஸின் தெற்கு. அதற்கும் கீழே ஜாவாவுக்குக் கிழக்கே சின்னச் சின்னத் தீவுகள். பிறகு வெறும் கடல். மேற்கே சுற்றினால் ஆப்பிரிக்கா, துருக்கி. நூல் எல்லா இடத்தையும் ஒன்றுபோலத்தான் தொட்டது.

சீனா என்றால் கடலுக்குக் கவலையில்லை. பிலிப்பைன்ஸ் என்றால் நடுவில் தீவுகள் மறிக்கும். ஜாவாவுக்குக் கிழக்கே, தெற்குப் பக்கம் என்றால்? விரலை அங்கிருந்து மேற்கே இழுத்தார். ஜாவா, சுமத்திரா எல்லாம் வலது கைப்பக்கம் ஒதுங்கிவிட்டன. இலங்கையின் தெற்கு முனைவரை நடுவே ஒரு திட்டுகூட இல்லை. முனையைச் சுற்றினால் அவருடைய ஊர். ஐயாயிரம் கிலோமீட்டர், மணிக்கு எழுநூறு. ஏழு மணி நேரம். மாலை ஆறரை, ஏழு.

அந்த நேரத்தில் ஊரில் யார் யார் எங்கே இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். கட்டுமரங்கள் கரையேறியிருக்கும். பெண்கள் மணலில் மீனைக் கூறுபோட்டுக்கொண்டிருப்பார்கள். செபமாலையம்மாளின் வீடு தண்ணீரிலிருந்து எண்பது அடி.

தோட்ட ஆபீசுக்கு ஓடினார். அணைத் தலைமை அலுவலகத்துக்கு டிரங்க் கால் கேட்டார். மழையில் லைன் அறுந்திருந்தது. கல்பாத்தியில் பாகீரதியின் வீட்டில் போன் கிடையாது. முக்கால் மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பில் வீரபாண்டி உட்கார்ந்திருந்தார்; தேனிப் பக்கத்துக்காரர், தோட்டத்து டிரைவர்.

"என்னாண்ணே, மூஞ்சி வெளிறிக் கெடக்கு?"

"தந்தி ஆபீஸ் வரைக்கும் விட்டுருங்க. அவசரம்."

"யாருக்காச்சும் முடியலையா?"

"இன்னும் தெரியல" என்றார் அமிர்தநாதன்.

தந்தி குமாஸ்தா அவர் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி வாசித்துக் காட்டினார். கடல் பொங்கக்கூடும், மாலை ஆறு மணிக்குள் எல்லோரும் மாதா கோயில் மேட்டுக்கு ஏறவும், அமிர்தம். பெறுநர் செபமாலையம்மாள். எழுதி முடித்துக் குமாஸ்தா பேனாவை நிறுத்தினார்.

"இது ஆபீஸ் தந்தியா, சொந்தத் தந்தியா?"

அமிர்தநாதனுக்கு ஒரு நொடி பிடித்தது. "சொந்தம்" என்றார்.

ஊரில் நடந்ததை அவர் பின்னால்தான் தெரிந்துகொண்டார். தந்தி மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தது. செபமாலையம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் வாசித்துச் சொன்னார். சொன்னதோடு, 'உங்க தம்பி கவர்மெண்டு பூகம்ப ஆபீஸ்லதான இருக்காவ' என்றும் சேர்த்துக்கொண்டார். அம்மாள் தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனார். பங்குச் சாமியார் வாசித்துப் பார்த்துவிட்டு மணியடிக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் அது சர்க்கார் உத்தரவாகிவிட்டது. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு, கோழிகளைக் கூடையில் போட்டு, கிழடுகட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே மேட்டுக்கு ஏறியது. ஆண்கள் மரங்களையும் வலைகளையும் மேலே இழுத்தார்கள். அப்படி இழுத்தபோது ஒரு கட்டுமரம் உருண்டு, செபமாலையம்மாளின் பக்கத்து வீட்டுக்காரரான மிக்கேல் என்பவருக்குக் கால் எலும்பு முறிந்தது.

கடல் வரவில்லை. அன்று வழக்கத்தைவிட அமைதியாகவே இருந்தது. இருட்டிய பிறகு பிள்ளைகள் பசியில் அழத் தொடங்கியதும் ஒவ்வொரு குடும்பமாக இறங்கின. காயப்போட்டிருந்த மீனை நாய்கள் இழுத்துவிட்டிருந்தன. அடுத்த ஊர்க்காரர்களுக்கு அன்று மாலை நெத்திலி கொள்ளாமல் பட்டிருந்தது.

சனிக்கிழமை ரேடியோச் செய்தியில் இந்தோனேசியா என்று சொன்னார்கள். ஜாவாவுக்குக் கிழக்கே, தீவுகளுக்குத் தெற்கே, கடலுக்கடியில். அங்கே கடல் ஏறிப் பல கிராமங்களை அழித்தது என்ற விவரம் அடுத்தடுத்த நாள்களில் வந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். இந்தியக் கரையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இல்லை. அமிர்தநாதன் பதிவேட்டைத் திறந்து, அந்த அதிர்வுக்கு நேரே 'கடல், ஏறியது' என்று எழுதினார். தன் கணக்கு தப்பவில்லை என்று மனம் நிம்மதி அடைந்தது உண்மை. அந்த நிம்மதி அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

திங்கள்கிழமை பாகீரதி வந்தார். அமிர்தநாதன் எதையும் மறைக்கவில்லை. தந்தியின் நகலை மேசைமேல் வைத்தார்.

"நான் இருந்திருந்தா இதை அனுப்ப விட்டிருக்க மாட்டேன்" என்றார் பாகீரதி. குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது.

"தெரியும் மேடம்."

"நூல் பத்து இடத்தைத் தொட்டிருக்கும். அதிலே ஒண்ணை நீங்களா எடுத்துண்டேள்."

"ஆமா. மத்த ஒம்பது இடத்துலயும் எனக்கு ஆள் இல்ல."

பாகீரதி நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை அளந்து பார்த்துவிட்டு, "இடம் சரியாத்தான் இருந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் அதோடு முடியவில்லை. கடற்கரை வட்டாரத்திலிருந்து வருவாய்த்துறை அதிகாரி ஒருவர், எந்த ஆபீஸ் இந்த எச்சரிக்கையைக் கொடுத்தது என்று கேட்டுக் கடிதம் எழுதினார். அது மேசை மேசையாகச் சுற்றி அணைத் தலைமை அலுவலகத்துக்கு வந்தது. அக்டோபரில் இரண்டு மேலதிகாரிகள் ஜீப்பில் ஏறிவந்து விசாரித்தார்கள். சொந்தத் தந்தி என்று ரசீதில் இருந்தது அமிர்தநாதனுக்குச் சாதகமாயிற்று. பாகீரதியிடம் எழுத்தில் அறிக்கை கேட்டார்கள்.

மூன்று பக்கம் எழுதினார். பெரிய அதிர்வு, ஆழம் குறைவு, கடலுக்கடியில் நடந்தது, கடல்தரை மேலும் கீழுமாக அசைந்தது, ஆகவே அலை எழுந்தது உண்மை என்று விளக்கினார். அது ஏன் நம் கரைக்கு வரவில்லை என்பதையும் எழுதினார். கடல்தரையில் அந்தப் பிளவு கிழக்குமேற்காக நீண்டிருந்தது. பிளவின் நீளத்துக்குக் குறுக்காகத்தான் அலையின் பலம் போகும்; அதாவது வடக்கே அந்தத் தீவுகளுக்கும், தெற்கே ஆஸ்திரேலியாவுக்கும். மேற்கே இருந்த நமக்கு வந்தது மிச்சம் மட்டும். அதுவும் ஐயாயிரம் கிலோமீட்டரில் பரந்து கரைந்துவிட்டது. இவற்றில் எதையும் ஒரே ஒரு நிலையத்தின் தாளிலிருந்து அந்த மதிய வேளையில் யாரும் அறிந்திருக்க முடியாது. கடைசியில் இப்படி முடித்தார்: 'பணியாளர் தவறாகக் கணக்கிடவில்லை. அறிய வழியில்லாத ஒன்றை அறிந்ததாக எடுத்துக்கொண்டார்.'

அதிகாரி இந்த இரண்டில் முதல் வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னார். பாகீரதி மறுத்தார். அறிக்கை அப்படியே போயிற்று. அமிர்தநாதனுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. இனிமேல் அவர் தாளை மாற்றலாம், உலர்த்தலாம், அளக்கக் கூடாது. பதிவேட்டில் பென்சில் கோடு போட்ட பத்தியை அழிக்கவும் உத்தரவு. அவரே ரப்பர் எடுத்து, ஒரு முழு மத்தியானம் உட்கார்ந்து அழித்தார்.

நவம்பர் கடைசியில் செபமாலையம்மாள் சாந்தன்பாறைக்கு வந்து இறங்கினார். அறுபத்திரண்டு வயதில், தனியாக, நான்கு பஸ் மாறி. தம்பி மலைக்கு வந்த முப்பத்தாறு வருடத்தில் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. குளிர் தாங்காமல் இரண்டு சேலையைச் சேர்த்துப் போர்த்தியிருந்தார். பையில் கருவாடு.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டார். "ஆந்திரால கடல் ஊருக்குள்ள வந்து ஆயிரக்கணக்குல சனம் செத்துப் போச்சுன்னு ரேடியோல சொன்னாவள்லா. அது உன் பெட்டியில தெரிஞ்சுதா?"

"இல்லக்கா. அது புயல். காத்து தண்ணியைத் தள்ளிக்கிட்டு வந்தது. என் பெட்டிக்கு நிலம் ஆடுனாத்தான் தெரியும்."

"செத்தவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான."

"ஆமா."

அம்மாள் ஊர்க் கதையைச் சொன்னார். சந்தையில் அவர் கூடையை இறக்கினால், 'கடல் வருது, ஏறு ஏறு' என்று இளவட்டங்கள் கூப்பாடு போடுகிறார்கள். மிக்கேல் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். அவர் ஒன்றும் சொல்வதில்லை, அவர் பெண்சாதி மட்டும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேனாக்கா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? இன்னொரு தந்தி வந்தா என்ன ஆகும்னு வேணும்னா சொல்லுதேன். நான் ஏறிருவேன். ஊர் ஏறாது."

அமிர்தநாதன் தலையாட்டினார். அவர் இரண்டு மாதமாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதையேதான்.

மறுநாள் காலை அக்காளை நிலையத்துக்குக் கூட்டிப்போனார். பாகீரதி இருந்தார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செபமாலையம்மாள் உருளையைச் சுற்றிவந்தார். "இது ஆடுனா எங்க ஆடுதுன்னே தெரியாதாமே, அப்படியாம்மா?" என்று நேரடியாகவே கேட்டார்.

"தூரம் தெரியும். திசை தெரியாது. இதே மாதிரி வேற தேசத்துலேயும் இருக்கு. எல்லாரும் உடனுக்குடனே பேசிண்டா சொல்லிடலாம்."

"பேசுதாங்களா?"

"பசிபிக் கடல்காரா பேசறா. நம்ம பக்கத்துக் கடலுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை."

"ஏன் இல்ல?"

"இங்கே அடிக்கடி வர்றதில்லைங்கறதாலே" என்றார் பாகீரதி.

அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. மூன்று நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பினார்.

அமிர்தநாதன் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்த்தார். உத்தரவைக் கடைசிவரை மீறவில்லை. பெரிய கோடு விழுந்த காலைகளில் தாளை முக்கி உலர்த்திப் பாகீரதியின் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவார். கண்ணாலேயே அளந்துவிடுவோமோ என்ற பயம். பாகீரதி அளந்து முடித்ததும் தானாகவே வெளியே வந்து தூரத்தைச் சொல்வார். அதை உத்தரவு தடுக்கவில்லை.

1979இல் ஐம்பத்தைந்து வயது நிறைந்து ஓய்வு பெற்றார். தோட்டத்தில் இருந்த தமிழர்கள் பலரும் மலையிலேயே, ஆனைக்கரைப் பக்கம் நிலம் வாங்கித் தங்கிவிடச் சொன்னார்கள். அவர் ஊருக்கே போனார். முதல் வேலையாக மிக்கேலின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். மிக்கேல் உள்ளே வரச் சொன்னார். என்ன பேசினார்கள் என்று அமிர்தநாதன் யாரிடமும் சொன்னதில்லை; வெளியே வரும்போது மிக்கேலின் பெண்சாதி கொடுத்த கருப்பட்டிக் காப்பி டம்ளர் கையில் இருந்ததை மட்டும் அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள்.

மாதா கோயில் மேட்டில், கடலிலிருந்து அரை மைல் உள்ளே, சின்னதாக ஒரு வீடு கட்டினார். அவ்வளவு தள்ளி மேட்டில் வீடு கட்டிய முதல் மீனவக் குடும்பத்துக்காரர் அவர்தான். ஊர் கொஞ்ச நாள் சிரித்தது, பிறகு பழகிவிட்டது. அக்காளையும் அங்கேயே வந்து இருக்கச் சொன்னார். செபமாலையம்மாள் கேட்கவில்லை. மேட்டில் இருந்துகொண்டு மீன் விற்க முடியாது என்றார். மத்தியானம் ஏறிவந்து தம்பி ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கரைக்கு இறங்கிப் போவார்.